நல்ல விஷயம்தான், வந்துட்டுப் போங்க

ஆந்திர எல்லைக்குள், வரதய்யபாளையத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில், உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் காஞ்சனாவுக்கு அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை யாரும் இல்லை. ஒரே மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டாள். ஆனாலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு இன்றும் காஞ்சனாதான் அட்மின். மகள் படித்தபோது யாரோ ஆக்கிவிட்டார்கள். எப்படி விலகுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படி விலக்குவது என்று தெரிந்தவர்களுக்கு மனம் வரவில்லை.

பள்ளிக்கூடம் தெலுங்கில் எழுதும். ஊர் தமிழில் பேசும். பெற்றோருக்குத் தெலுங்கு தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவார்கள், மண்டல ஆபீசில் தெலுங்கில் கெஞ்சுவார்கள், சண்டை முற்றினால் தெலுங்கில் திட்டவும் செய்வார்கள். எழுத்துதான் ஓடாது. வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே. ஆகவே பிள்ளையைப் பற்றிப் பள்ளி அனுப்பும் எந்தத் தகவலையும் அந்தப் பிள்ளைதான் படித்துச் சொல்லவேண்டும். தன் மேல் உள்ள புகாரைத் தானே மொழிபெயர்க்கும் வேலை எந்த நாட்டு நீதிமன்றத்திலும் குற்றவாளிக்குத் தரப்படுவதில்லை. இந்த ஊரில் தினமும் தரப்பட்டுவந்தது.

அதை நிறுத்தியவள் காஞ்சனா. தெலுங்கு எழுத்தை மகளின் பாடப்புத்தகத்தைப் பார்த்து, மகளுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் தெலுங்கில் அனுப்புவதைப் படித்து, தமிழில் பேசிக் குழுவில் போடுவாள். அதன் பிறகு தெலுங்கு அறிவிப்பைப் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்பதை ஊர் விட்டுவிட்டது. பேசும்போதும் கால் மெஷினை விடாது. கடகடவென்ற சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஊரில் பெண்கள் அடுப்பைச் சிறியதாக்குவார்கள். நாளைக்கு லீவு, மறுநாள் தடுப்பூசி, சைக்கிள் கொடுக்கிறார்கள், சத்துணவில் முட்டை வந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நல்ல செய்தியாக இருக்கிற வரைக்கும்.

கெட்ட செய்திக்கு என்று காஞ்சனாவிடம் ஒரு மரியாதை உண்டு. அது அவளுடையது மட்டுமல்ல, ஊருடையது. ஊரில் யாரும் பத்துப் பேர் காதில் விழும்படி ஒரு பிள்ளையை ‘ஃபெயில்’ என்று சொல்லமாட்டார்கள். செத்துப் போனவரையே ‘தவறிட்டார்’ என்கிறோம். உயிரோடு இருக்கிற பிள்ளையை அப்படிச் சொல்லலாமா? ‘கணக்கு கொஞ்சம் நின்னுகிச்சி’ என்பார்கள், ஓடிக்கொண்டிருந்த ஒன்று வழியில் மூச்சு வாங்குகிற மாதிரி.

சென்ற வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்தது. ஹெட்மாஸ்டர் ராம்ப்ரசாத் குழுவில் ஒரு நீண்ட அறிவிப்பைப் போட்டார். திருப்பதிக்காரர், வைஷ்ணவர், வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். சாராம்சம் இதுதான்: ஃபெயிலான மூன்று பிள்ளைகளின் பெற்றோர் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பள்ளிக்கு வந்து, துணைத்தேர்வுக்குக் கையெழுத்துப் போடவேண்டும். தேர்வு கோடை லீவிலேயே நடக்கும். பாஸானால் இதே வருஷம் மற்றவர்களோடு இன்டர், அதாவது பதினொன்றாவது, சேரலாம். அதுவரை காலையில் இலவச வகுப்பு.

காஞ்சனா அதை இரண்டு தடவை படித்தாள். மூன்று பிள்ளைகள் யார் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்தபடியே யோசித்துவிட்டு, மெஷினை மிதித்து, ஃபோனை வாயருகே வைத்தாள்.

"பத்தாவது பசங்க வூட்ல எல்லாரும் கேளுங்க. வெள்ளிக்கெழம நாலு மணிக்குள்ள ஸ்கூலுக்கு வந்து ஹெட்மாஸ்டர் சாரைப் பாருங்க. நல்ல விஷயம்தான், வந்துட்டுப் போங்க."

யார் மனதும் புண்படாமல் சொல்லிவிட்ட திருப்தியில் அடுத்த கையையும் தைத்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள். ஆகவே ஊர் அதுவரை காத்திருந்து அன்று காலையில்தான் கிளம்பியது. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் பள்ளி வளாகம் நிறைந்தது. முன்னால் நின்றவள் கன்னிகா. மகன் நல்ல மார்க் வாங்கியிருந்தான்.

"சார், மால நாங்களே கொண்டாந்துட்டோம். நீங்க போட்டா போதும். ஃபோட்டோக்காரன் வந்துக்கினே இருக்கான்" என்றாள்.

ராம்ப்ரசாத் மாலையைப் பார்த்தார், லட்டுப் பொட்டலங்களைப் பார்த்தார், பிறகு ரோட்டுக்கு எதிரே இருந்த தையல் கடையைப் பார்த்தார்.

காஞ்சனா வந்து நின்றபோது, ஃபெயிலான பிள்ளைகளின் வீட்டார் ஒருவர்கூட அங்கே இல்லை என்பதை அவளே எண்ணிப் பார்க்காமல் புரிந்துகொண்டாள். பள்ளியில் நல்ல விஷயம் நடக்கிற இடத்தில் தங்களுக்கு என்ன வேலை என்று அவர்கள் கௌரவமாக ஒதுங்கிவிட்டார்கள். வரவேண்டியவர்களைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள்.

"ஏம்மா காஞ்சனா, நான் என்ன எழுதினேன், நீ என்ன சொன்னே? இவாளெல்லாம் பாஸ். பாஸானவாளுக்கு நான் எதுக்கு? தேவுடா! இன்னிக்குதாம்மா கடைசி நாள்."

"நான் போயி கூட்டிக்கினு வந்துட்றேன் சார். இல்லன்னா நானே கையெழுத்து போட்டுட்றேன்."

"நீ யாருக்கு அம்மா? போன வருஷம் இப்படித்தான் ஆத்துல யாருமே வராம ரெண்டு பேருக்கு நானே ஃபீஸ் கட்டினேன். அவா பரீட்சைக்கே வரலை. ஸ்கூல் பர்சன்டேஜ் போச்சு. பெத்தவா வந்து கையெழுத்துப் போடணும். நாலு மணிக்கு கம்ப்யூட்டரை மூடிட்டுத் திருப்பதி பஸ் ஏறிடுவேன்."

முதல் இரண்டு வீடுகள் கஷ்டம் கொடுக்கவில்லை. ஒரு தகப்பனை வேர்க்கடலைக் கொல்லையில் பிடித்தாள். ஒரு தாயை ரேஷன் கடை வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இருவரிடமும் காதோடு சொன்னாள். காதோடு சொல்ல அவளுக்கு நன்றாக வரும்.

மூன்றாவது தாட்சாயணி. அவள் மகள் நந்திதாவுக்குக் கணக்கு மட்டும் நின்றிருந்தது. தாட்சாயணி பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தாள். கணவன் நாராயணசாமி லாரி ஓட்டுகிறவன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று ஃபோன் சொன்னது. கல்யாணமானதிலிருந்து தாட்சாயணியும் அதையேதான் சொல்கிறாள். வீடு பூட்டியிருந்தது. காஞ்சனா பக்கத்து வீட்டில் விசாரித்தாள்.

நந்திதாவைக் கும்மிடிப்பூண்டிக்கு, மாமன் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. திங்கட்கிழமை ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துவிடுகிறார்கள். ‘ஒரு வருசம் வூட்ல ஒக்காந்து இன்னா பண்ணப் போறா’ என்று தாட்சாயணி சொன்னாளாம். ஆடி கழிந்தால் மாமன் மகனுக்கே பேசிவிடலாம் என்றும் இருக்கிறதாம். நந்திதா கணக்குப் புத்தகத்தை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு போனாளாம்.

ஷேர் ஆட்டோ கிடைத்து, கம்பெனி வாசலில் காஞ்சனா இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. உள்ளே போகிறவர்கள் ஃபோனை வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டவேண்டும். ஆகவே அவள் அடித்த ஃபோன் எல்லாம் பத்தடி தூரத்தில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த கருப்பன் அவளுக்குத் தெரிந்தவன்தான்.

"இன்னாக்கா, ஜாக்கெட் குடுக்க இவ்ளோ தூரமா?"

"தாட்சாயணிய கொஞ்சம் கூப்புடு கருப்பா. அவசரம்."

"சாவா, பிரசவமா?"

"இன்னாடா கேக்கற?"

"நான் கேக்கலக்கா, ரூல் கேக்குது. இந்த ரெண்டுக்குத்தான் உள்ள ஃபோன் போடலாம். பிரசவம்னா சொந்தமா இருக்கணும்."

"பொண்ணோட படிப்பு போவுது கருப்பா."

"படிப்பு ரூல்ல கெடையாது. போன மாசம் மாடு கன்னு போட்டுதுன்னு ஒருத்தன் வந்தான், அதுக்கே என்னைத் திட்டனாங்க. நீ சாவுன்னு ஒரு வார்த்த சொல்லு, இப்பவே போடறேன்."

காஞ்சனா வாயைத் திறந்தாள். "அவங்க நைனா..." என்று ஆரம்பித்தாள். தாட்சாயணியின் அப்பா, அன்று காலையில்தான் டீக்கடையில் அவளைப் பார்த்துச் சிரித்தவர், கண் முன்னால் வந்து நின்றார். "நல்லா இருக்காரு" என்று முடித்தாள்.

"அப்போ ஆறு மணிக்கு வா" என்றான் கருப்பன், உண்மையான வருத்தத்தோடு.

வேலியோரம் நிழல் இல்லை. காஞ்சனா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷம், எத்தனை செய்தி! முட்டை வந்ததையெல்லாம் ஊருக்குச் சொன்ன வாய்க்கு, ஒரு பெண்ணின் வாழ்க்கை போகிறது என்பதை ஒரு தாயிடம் சொல்ல வழியில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே மணியைப் பார்த்தாள். அடுத்த ஷிஃப்ட் பஸ் வரும் நேரம். அதில் ஊர்ப் பெண்கள் இருப்பார்கள். அவர்களிடம் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் சொல்லி அனுப்பிய செய்தி கைரேகை வைக்கிற மெஷினைத் தாண்டியதும் மறந்துபோகும் என்பது அவளுக்கு அனுபவம். மறக்காமல் உள்ளே போகிற சரக்கு ஒன்றுதான் உண்டு.

யோசித்துத்தான் செய்தாளா, புத்தி கெட்டுச் செய்தாளா தெரியாது. இன்று கேட்டால் ஆளைப் பார்த்து இரண்டையும் சொல்கிறாள். ஃபோனை எடுத்துக் குழுவைத் திறந்தாள்.

"தாட்சாயணி வூட்டு நந்திதா கணக்குல ஃபெயிலு. ஃபெயிலு, ஃபெயிலு! கேட்டுச்சா எல்லாருக்கும்? அவங்கம்மா நாலு மணிக்குள்ள ஸ்கூலுக்கு வர்லன்னா அந்தப் பொண்ணு கதை முடிஞ்சிது."

பின்னால் மெஷின் சத்தம் இல்லை. அதனாலேயே ஊர் இன்னும் நன்றாகக் கேட்டது.

பஸ் திரும்பி வாசலுக்கு வந்தபோது அதன் ஜன்னல்களிலிருந்து காஞ்சனா தன் குரலையே கேட்டாள். ஒரு சீட்டில் முடிந்து இன்னொரு சீட்டில் ஆரம்பித்தது. பெண்கள் இறங்கினார்கள், அவளை ஒரு விதமாகப் பார்த்தார்கள், ஃபோனை லாக்கரில் வைத்தார்கள், அந்தக் கதையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டும் திறக்கிற வாசலில், வம்பை யாரும் சோதனை போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தாட்சாயணி வெளியே வந்தாள். தலையில் கம்பெனித் தொப்பி அப்படியே இருந்தது.

"எவடி எம்பொண்ண பத்தி ஊரெல்லாம் தண்டோரா போட்டவ? உன் பொண்ணு கலெக்டரா? உன் கடைய அந்த ஸ்கூல் வாசல்ல இருந்து தூக்கல, நான் தாட்சாயணி இல்ல. வா, ஹெட்மாஸ்டராண்டயே கேக்கறேன்!"

"அங்கதான் போவணும்கா" என்றாள் காஞ்சனா.

ஒரே ஆட்டோவில் ஏற தாட்சாயணி மறுத்துவிட்டாள். இரண்டு ஆட்டோக்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ராம்ப்ரசாத் பையைத் தோளில் மாட்டி, கதவில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தார். தாட்சாயணி அவரை வழிமறித்து, குழு என்றால் என்ன, மானம் என்றால் என்ன, தையல்காரிகளுக்கு அட்மின் பதவி கொடுப்பது எந்தச் சட்டம் என்று கேட்டாள். அவர் குறுக்கே பேசவில்லை. கதவைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டார்.

"கம்ப்ளெயின்ட் எழுதிக்கறேம்மா. முதல்ல இங்க ஒரு கையெழுத்து."

"இது இன்னாத்துக்கு?"

"இந்த லீவிலேயே பரீட்சை. ஒரே பேப்பர். பாஸானா எல்லாரோடயும் இன்டர் போயிடலாம்."

தாட்சாயணி பேனாவை வாங்கியவள், அப்படியே நின்றாள்.

"எல்லாரோடயுமா? இந்த வருசமே?"

"இந்த வருஷமேதான்."

"வருசம் போவாதா?"

"போகாதும்மா. வகுப்பும் ஃப்ரீ. எல்லாத்தையும் குரூப்ல போட்டேனே."

தாட்சாயணி திரும்பிக் காஞ்சனாவைப் பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை.

"இத சொல்றதுக்கு இன்னாடி உனக்கு? இது தெரிஞ்சிருந்தா நான் அவள பஸ் ஏத்தி இருப்பனா? பையப் புடிச்சிக்கினு எம்மூஞ்சிய பாத்துக்கினே போனாளே."

காஞ்சனா கெட்டதை மறைக்கப் போய், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த நல்லதையும் சேர்த்து மறைத்துவிட்டாள். ‘நல்ல விஷயம்தான்’ என்று அவள் சொன்னது உண்மைதான். என்ன நல்ல விஷயம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தாட்சாயணி கையெழுத்துப் போட்டாள். வராந்தாவில் நின்று கும்மிடிப்பூண்டிக்கு ஃபோன் செய்தாள். பிறகு, எந்தப் பொத்தான் என்று ஹெட்மாஸ்டரையே கேட்டு, குழுவிலிருந்து வெளியேறினாள்.

காஞ்சனா இப்போதும் குரல் செய்தி போடுகிறாள். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய சொல்லிலேயே சொல்கிறாள். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஜாக்கெட் துணிகள் சில சத்தியவேட்டுக் கடைகளுக்குப் போய்விட்டன. தாட்சாயணி மட்டும் அவளோடு பேசுவதே இல்லை.

அந்தக் கோடையில் இலவச வகுப்பு தொடங்கிய காலையில் காஞ்சனா மெஷினை மிதிக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு நேரம் தாட்சாயணிக்குத் தெரியுமா? குழுவில் அவள் இல்லை. தனியாக அனுப்பிய குரல் செய்திக்கு ஒரே ஒரு டிக்தான் விழுந்திருந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளும் உள்ளே போய்விட்டார்கள். மணி அடித்தது.

பிறகுதான் நந்திதா வந்தாள். வேகமாக நடந்து வந்தாள். கடைப் பக்கம் பார்க்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கவேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே கடையைக் கடந்தாள். மறுபக்கம் பள்ளிக்கூடம் இருந்தது.