எட்டு பீப்பாய் அதிகம்

மதிவதனி ஓமான் பாலைவனத்தை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எண்ணெய்க்காகத் துளை போட்டுக்கொண்டிருந்த ஒரு ரிக், எந்த நிமிடம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சரவணம்பட்டியில் ஓர் அலுவலகத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்து, அந்த ரிக்கின் அளவுகளைத் திரையில் கண்காணிப்பதுதான் அவள் வேலை. கிணத்துக்கடவில் தேங்காய் உரிக்கும் ராசப்பனுக்கும் மாசாணியம்மாளுக்கும் ஒரே மகள், பெட்ரோலியப் படிப்பு படித்தவள், வயது இருபத்தேழு.

துளை போடும்போது கனமான சேற்றுக் கலவையைக் குழாய் வழியாக உள்ளே அனுப்புவார்கள். அது அடிவரை போய் மேலே திரும்பித் தொட்டியில் விழும். பூமிக்குள் இருக்கும் வாயுவை அமுக்கி வைப்பது அந்தக் கலவையின் கனம்தான். போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்தால், வாயு அந்தத் துளைக் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போதே மூடினால் பிழைத்தார்கள். விட்டால் அது மேலே ஏற ஏற விரிந்து, பீறிட்டுத் தீப்பிடித்துக்கொள்ளும்.

அந்த மாதம் அவள் இரண்டு முறை வீணாக எச்சரித்திருந்தாள். ஒருமுறை தொட்டியின் அளவைக் காட்டும் மிதவையில் கந்தல் துணி சிக்கியிருந்தது. இன்னொருமுறை யாரோ தொட்டியில் தண்ணீர் விட்டிருந்தார்கள். இரண்டாம் முறை ரிக்கின் மேலாளர் பெனடிக்ட், மேட்டுப்பாளையத்துக்காரர், போனில் சிரித்துக்கொண்டே, "அம்மணி, அடுத்து ஒட்டகம் குறுக்க போனாலும் கூப்பிடுவீங்களாட்ட இருக்குது" என்றார். அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணி. திடீரென்று துளை வேகமாக இறங்கியது. பாறை இளகிவிட்டது போலிருந்தது. திரும்பி வரும் கலவையின் கோடு லேசாக நிமிர்ந்தது. தொட்டியில் மூன்று பீப்பாய் கூடியது. பிறகு ஐந்து. பிறகு எட்டு. மதிவதனி போனை எடுத்தாள். ஒட்டகம் நினைவுக்கு வந்தது. வைத்தாள். மறுபடி எடுத்துவிட்டாள்.

"ஏனுங்ணா, தொட்டியில எட்டு பீப்பாய் அதிகமா இருக்குதுங்க. பம்பை நிறுத்திப் பாருங்க."

"கண்ணு, பக்கத்துத் தொட்டியில இருந்து மாத்தியிருப்பாங்க."

"பக்கத்துத் தொட்டி அப்படியேதான் இருக்குதுங்ணா. துளையும் வேகமா இறங்குது. வர்றதும் கூடிப்போச்சு. மூணும் ஒண்ணா வந்திருக்குதுங்க. தப்பா இருந்தா நீங்க வருசம் பூராவும் என்னையக் கிண்டல் பண்ணிக்கோங்க. இப்ப நிறுத்துங்க!"

மறுமுனையில் யாருக்கோ ஆங்கிலத்தில் உத்தரவு. திரையில் பம்பின் கோடு சரிந்து பூச்சியத்தைத் தொட்டது. பம்பு நின்றால் கலவையும் நிற்க வேண்டும்.

"அம்மணி..." பெனடிக்டின் குரல் மாறியிருந்தது. "ஓடுது. பம்பு நின்னும் ஓடுது. மூடறோம்!"

கிணற்றின் வாயில் இருந்த பெரிய அடைப்பு மூடியது. குழாயின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, ஓரிடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம், வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுத் தூரத்தில் எரித்தார்கள். இன்னும் கனமான கலவையை உள்ளே ஏற்றினார்கள். மதிவதனியின் ஷிப்டு இரண்டு மணிக்கே முடிந்திருந்தது. அவள் எழவே இல்லை. மூன்று மணிக்கு எல்லா அழுத்தமும் பூச்சியமானது. "ரிக்குல இருக்கற அம்பத்து ரெண்டு பேரும் சோத்துக்குப் போறோம் அம்மணி" என்றார் பெனடிக்ட்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. விக்கல் பிடித்துக்கொண்டது. பக்கத்து மேசை டீனா முதுகில் தட்டப் போய், அவளும் சிரிக்கத் தொடங்கினாள். இருவரும் காரணமில்லாமல் மாடிப்படியில் நான்காம் மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக இரண்டு தடவை ஓடினார்கள். உக்கடத்தில் பஸ் ஏறியவள் கிணத்துக்கடவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள். "இன்னொருத்தரு எங்கம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். அதற்கும் சிரித்தாள். வழியில் தெரிந்த தென்னை மரம், லாரி, டயர் கடை எல்லாவற்றுக்கும் ஜன்னல் வழியே கை காட்டினாள். டயர் கடைக்காரர் யாரோ தெரிந்த பெண் என்று திரும்பக் கை காட்டினார்.

வீட்டில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மாசாணியம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, எண்ணெய்க்குத்தான குழி போடறாங்க?"

"ஆமாம்மா."

"அது தானா மேல வந்திருக்குது. நீ எதுக்கு அடைக்கச் சொன்னே?"

மதிவதனி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது, யாரும் எழவில்லை. ராசப்பன்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். அவர் சிரிக்கவில்லை. மகள் தலையில் ஒரு கணம் கை வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை மளிகைக் கடைக்காரர் அரங்கசாமி மதிவதனியை நிறுத்தினார். "அம்மணி, ஓமான்ல ஒரு கிணத்தையே நீ மூடிப்போட்டியாமா? உங்கப்பன் நேத்து சந்தை பூராவும் சொல்லிட்டாரு. அப்ப பெட்ரோல் விலை ஏறுமா, எறங்குமா?"

"ஏறாதுங்க மாமா," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "அம்பத்து ரெண்டு பேரும் இன்னைக்கு வேலைக்கு வந்துட்டாங்க."