ஆறட்டும்

துணி காயவைக்கும் டிரையர் ஓடி நின்றதும் ஓடிப்போய்த் துணியைத் தொட்டுப் பார்க்கிற ஆளில்லை அவர். கதவைத் திறந்து ஒரே ஒரு துண்டை உருவுவார். அதை நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டுவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். நாம் கையை நீட்டினால் "ஆறட்டும்" என்று தடுப்பார். சூட்டோடு தொட்டால் எந்தத் துணியும் காய்ந்த மாதிரிதான் இருக்குமாம், சூடு போன பிறகுதான் ஈரம் வெளியே வருமாம். ஆறியதும் கண்ணை மூடிக்கொண்டு, துண்டின் ஓரத் தையலை மூன்று விரல்களால் பிடித்து மெல்ல உருட்டுவார். அந்த விரல்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

எங்கள் குடியிருப்பில் மெஷின் ரிப்பேருக்கு வரும் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ‘ஆறட்டும்’ என்றால்தான் தெரியும். டீ கொடுத்தால் மேசையைக் காட்டி, ஆறட்டும் என்பார். மாடி வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் தண்ணீர்க் குழாய்க்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டபோதும் அதையேதான் சொன்னார். ஸ்க்ரூ டிரைவர்களை ஒற்றைச் சாக்ஸில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். இன்னொரு சாக்ஸ் எங்கே என்று கேட்டால், "அதை எந்த மெஷின் தின்னுச்சோ, தேடிக்கிட்டுதான் இருக்கேன்" என்பார், சிரிக்காமல். ஃபில்டரில் சேர்ந்த பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வீட்டில் பூனை உண்டா, கறுப்புச் சட்டை யாருடையது என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார்.

எங்கள் டிரையர் துணியை ஈரத்தோடு துப்ப ஆரம்பித்ததும் அவரைத்தான் கூப்பிட்டோம். மகள் தினமும் சில்லிட்ட சாக்ஸோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் தடவை பஞ்சை வழித்தெடுத்தார், பின்னால் நசுங்கிக் கிடந்த காற்றுக்குழாயை நிமிர்த்தினார், துண்டை உருட்டிப் பார்த்து, முடிந்தது என்றார். அவர் போன பிறகு துணி மடிக்க உட்கார்ந்த என் மனைவி, ஒவ்வொன்றும் நசநசவென்று இருப்பதாகச் சொன்னாள். இரண்டாம் தடவை சூடேற்றும் கம்பிச்சுருளையே மாற்றினார். மறுபடியும் அதே கதை.

மூன்றாம் தடவை மனைவி அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். துண்டு ஆறியது. அவர் உருட்டினார்.

"காஞ்சிருக்கே, தங்கச்சி."

"இல்லண்ணே, ஈரமாத்தான் இருக்கு."

இரண்டு பேரும் துண்டை என்னிடம் நீட்டினார்கள். எனக்கும் ஈரமாகத்தான் பட்டது. ஆனால் அவருடைய முகத்தில் துளி சந்தேகம் இல்லாததால், எனக்கு என் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்தேன், என் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். மனைவி மேசை விரிப்பைத் தொட்டாள். அவர் தன் கைக்குட்டையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் நாங்கள் தொடாத துணி பாக்கி இல்லை. ஈரம் என்றால் என்ன என்பதே எனக்கு மறந்துபோகும் போலிருந்தது.

முதல் தடவை வந்தபோது அவரே சொன்ன ஒரு விஷயம் எனக்கு நினைவுக்கு வந்தது. டிரம்முக்குள் பளபளவென்று இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கின்றன. "அதுதான் சார் மெஷினுக்கு விரல். துணிக்கு நீங்க ஊத்துற வாசனைத் தண்ணி அதுல படிஞ்சிருச்சுன்னா, ஈரத்துணி பட்டாலும் அதுக்குத் தெரியாது. காஞ்சிருச்சுன்னு நெனச்சு நின்னுரும்" என்றிருந்தார். அதைத் துடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்றது. பட்டை கெட்டிருந்தால் துண்டு ஈரமாக அல்லவா வர வேண்டும், இதுதான் காய்ந்து வருகிறதே என்றார். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பிசகும் தெரியவில்லை.

பிறகு துண்டை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகப் போகிற வீட்டிலெல்லாம் இதையேதான் சொல்கிறார்களாம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வேறு ஆளையே கூப்பிட்டுவிட்டார்களாம். சோப்பு மாறிவிட்டதா, துணி மாறிவிட்டதா, மனுஷர்கள்தான் மாறிவிட்டார்களா, அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இந்தக் கையை வெச்சுத்தான் சார் பொழப்பு" என்றார். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

மனைவி கொதிக்கக் கொதிக்க டீ கொண்டுவந்தாள். கண்ணாடி டம்ளரைத் துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள். அவர் வழக்கம்போல மேசையைக் காட்டவில்லை. பேச்சு மும்முரத்தில் கையை நீட்டி வாங்கி, உள்ளங்கையோடு டம்ளரைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வேறு ஆளைக் கூப்பிட்ட அந்த வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டம்ளரிலிருந்து ஆவி பறந்தது.

"அண்ணே, கை சுடலையா?" என்றாள் மனைவி.

அவர் ஆவியைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"சுடுதா, தங்கச்சி?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். மனைவி டம்ளரைத் துணியோடு திரும்ப வாங்கிக்கொண்டாள். அவருடைய உள்ளங்கை செக்கச் சிவந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் கிடந்த துண்டையும் பார்த்தார்.

குளிர்ந்த தண்ணீரில் கையை வைக்கச் சொன்னாள் மனைவி. டாக்டரிடம் போகலாம், நான் கூட வருகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் கேட்டது வினிகரைத்தான். கந்தல் துணி ஒன்றில் அதை நனைத்துக்கொண்டு, தரையில் முழங்காலிட்டு, டிரம்முக்குள் தலையை விட்டு இரண்டு பட்டைகளையும் அழுத்தித் தேய்த்தார். துணியில் வழவழவென்று ஒரு பிசுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எங்களுக்குக் காட்டினார்.

அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்தத் துணியைச் சுத்தமான பக்கம் மடித்து, தன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த துண்டை எட்டித் தொட்டார்.