கேரவன் இழுக்கும் வண்டிக்கு இரண்டாவது டீசல் டாங்க்: மைசூர் – கோபிநத்தம் வெள்ளோட்டம்

டாங்க் மாட்டியாகிவிட்டது. அறுபது லிட்டர். கேரவனை இழுத்துக்கொண்டு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோபிநத்தம் வரை போய் மைசூருக்குத் திரும்பியும் வந்துவிட்டோம். இதை எழுதும்போதுகூட கை பரபரக்கிறது. அதனால் கொஞ்சம் முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது டீசல் பிக்கப். அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற சின்ன கேரவன் ஒன்று. இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு உண்டு. தனியாக ஓடினால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கிற பிக்கப், கேரவனை மாட்டியதும் ஆறுக்கு வந்துவிடும். கம்பெனி கொடுத்த டாங்க் ஐம்பத்தைந்து லிட்டர்தான், ஆகவே அடிக்கடி பங்க் தேட வேண்டும். பங்க் கிடைப்பது கஷ்டமில்லை. உள்ளே போனால் திரும்ப முடியாது, அதுதான் கஷ்டம். வண்டியும் கேரவனும் சேர்ந்து பதினொரு மீட்டர் ஆயிற்றே.

போன வருடம் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு சின்ன பங்க்குக்குள் மூக்கை நுழைத்துவிட்டு மாட்டிக்கொண்டேன். பின்னால் இரண்டு பஸ், ஒரு கரும்பு லாரி. கடைசியில் கேரவனைக் கழற்றி, எட்டு பேர் சேர்ந்து தள்ளி வெளியேற்றினார்கள். ஓட்டியது நான். கீழே நின்று கையை ஆட்டி வழி காட்டியவர் என் கணவர் அருள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். மனுஷர் அன்று இரவு சாப்பிடவே இல்லை.

"இனிமே இதோட பங்க்குக்குள்ள நான் வரமாட்டேன்" என்றார். கேரவனை விற்க விளம்பரமும் கொடுத்துவிட்டார். பெங்களூரில் ஒருவர் முன்பணம் தரத் தயாராக இருந்தார். எனக்கோ கட்ச் உப்புப் பாலைவனம் வரை இதை ஓட்டிப் போக வேண்டும் என்று ஐந்து வருட ஆசை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஒரு மாத லீவுக்காக எத்தனை நைட் டியூட்டி மாற்றிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். கூடுதல் டாங்க் போடலாம். ஒரு முறை வெளியே போய், பங்க் பக்கமே எட்டிப்பார்க்காமல் திரும்பினால் கேரவன் எங்களோடு இருக்கும். இல்லாவிட்டால் பெங்களூர்க்காரருக்கு.

முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்து மூலமாக அனுமதி வாங்கினோம். பிறகுதான் மைசூர் பன்னிமண்டபத்தில் சலீம் என்பவரின் பட்டறைக்குப் போனோம். வாய் ஓயாத மனுஷர். "மேடம், நூத்தி இருபது லிட்டர் போட்டுடோணா? டெல்லி வரைக்கும் நிறுத்தவே பேடா" என்றார், நிறுத்தவே வேண்டாம் என்று கன்னடம் கலந்து. டெல்லிக்குப் போகவில்லை, பாரம் தாங்காது என்று சொல்லி அறுபதில் நிறுத்தவே அரை மணி நேரம் ஆயிற்று. பிக்கப்பின் பின் தொட்டியில், டிரைவர் கேபினை ஒட்டி டாங்க்கை போல்ட் போட்டு முறுக்கினார். அதிலிருந்து மெயின் டாங்க்குக்கு டீசல் தள்ள ஒரு சின்ன பம்பும், டேஷ்போர்டில் ஒரு சுவிட்சும் வைத்தார். எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய், இரண்டு நாள் வேலை. சுவிட்சைப் போட்டதும் மெயின் டாங்க் முள் மெல்ல மேலே ஏறியதைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

கோபிநத்தத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மாதேஸ்வரி. என்னோடு அதே வார்டில் வேலை பார்க்கிறவள், நாங்கள் மாது என்போம். அவள் அண்ணன் பெரியசாமி அங்கே விவசாயம். தை மாதம், அறுவடை முடிந்த நேரம். மாதுவும் எங்களோடு வந்தாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி டி. நரசிபுரா, கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலை. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரும் இரண்டாவது கியருமாகவே ஏறி இறங்கினேன். பிறகு பாலாறு, காட்டுச் சாலை. எங்கள் மீட்டரில் 178 கிலோமீட்டர், மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலை ஏற்றத்தில் லிட்டருக்கு ஐந்துகூட வரவில்லை. இருந்தால் என்ன, இரண்டாவது டாங்க்கைத் தொடவே இல்லை. அது முழுக்கத் திரும்பும் வழிக்கு.

இரண்டு நாள் இருந்தோம். காவிரிக்கரை, சுட்ட மீன், களியும் கீரைக்குழம்பும். கேரவனைப் பார்க்க ஊரே வந்தது. கட்டிலில் படுத்துப் பார்க்காத பிள்ளைகள் இல்லை. மூன்றாம் நாள் காலை விடைபெற்றுக் கிளம்பினோம். ஊரைத் தாண்டி ஒரு சின்னப் பாலம். அதில் ஏறி இறங்கியபோது பின்னால் கர்ரென்று கொக்கி தரையில் உரசியது. ஸ்டியரிங்கும் கையில் கனமே இல்லாமல் சுற்றியது. முன் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று உடனே புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மலைப் பாதை.

இறங்கிக் கேரவன் கதவைத் திறந்தால், கதவை ஒட்டி, அதாவது கொக்கிப் பக்கமாகவே, இரண்டு மூட்டை ராகி, ஒரு மூட்டை நிலக்கடலை, ஒரு கூடை புளி, நாலு பூசணிக்காய், ஒரு தார் வாழை. நாங்கள் காலையில் கடைசியாக ஆற்றுக்குப் போயிருந்தபோது பெரியசாமி வீட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கொக்கியின் மேல் வரும் எடை, டாங்க் எடை, டீசல் எடை எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். பிறந்த வீட்டுச் சீரின் எடையைச் சேர்க்கவில்லை. நம் ஊரில் வண்டியைக் காலியாக அனுப்புவார்கள் என்று நினைத்தோமே, எங்களைச் சொல்ல வேண்டும்.

மாது போன் செய்ததும் பெரியசாமி டிராக்டரில் வந்துவிட்டார். மூட்டைகளைக் கேரவனின் நடுவே, அதன் சக்கரத்துக்கு நேர் மேலே நகர்த்தினோம். பூசணிகளைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டோம். வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது. போதவில்லை. இன்னும் ஒரு மூட்டை அளவு குறைய வேண்டும்.

"அண்ணா, எனக்குக் குடுத்த மூட்டைல ஒண்ண எறக்கிடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள் மாது. சொல்லும்போதே அவள் முகம் சுருங்கிவிட்டது.

பெரியசாமி கேட்பதாக இல்லை. "அது எப்படிங்க்கா ஆகும்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். "கட்டிக் குடுத்த பொறந்தவளுக்கு வெள்ளாமைல பங்கு குடுக்காம நாங்க எப்படிங்க வாயில வெக்கறது? வருசா வருசம் பஸ்ல கைப்பையில தான் குடுத்தனுப்பறோம். இந்தத் தடவதான் முழுசா குடுக்க வண்டி வந்துருக்குது."

அருள் பிக்கப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, "டீசலை இறக்கிடலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது டாங்க்கைக் காலி செய்தால் வழியில் பங்க்குக்குப் போயே ஆக வேண்டும். ஒப்பந்தம் போச்சு, கேரவன் போச்சு. "தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டேன். "தெரியாமலா?" என்றார். கொள்ளேகால் வரை போகப் போதும் என்று பதினைந்து லிட்டரை மட்டும் மெயின் டாங்க்குக்குத் தள்ளிவிட்டு, குழாயைக் கழற்றி, மீதி நாற்பத்தைந்தையும் பெரியசாமியின் டிராக்டரில் ஊற்றினோம். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்ததை அருள் காதில் வாங்கவே இல்லை. வண்டி மட்டமாக நின்றது. மலை ஏறும்போது ஸ்டியரிங் கையில் கனமாக இருந்தது. மனசும்தான்.

இதைப் படித்துவிட்டு டாங்க் போட நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். டாங்க்கைக் கேபினை ஒட்டியே வையுங்கள், பின் கதவுப் பக்கம் வேண்டாம். பத்து லிட்டர் டீசல் எட்டரைக் கிலோ வரும், அதுவும் பாரம்தான். பெரிய டாங்க் என்று ஆசைப்படாதீர்கள். கேரவனில் கனமான பொருளெல்லாம் சக்கரத்துக்கு நேர் மேலே. பம்ப் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பேச்சில் மறந்தால் மெயின் டாங்க் வழிந்துவிடும், கவனம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்களா, அறுபது கிலோ இடம் விட்டுப் புறப்படுங்கள்.

கொள்ளேகாலுக்கு முன்பே முள் சிவப்புக்கு வந்துவிட்டது. ஒரு பங்க் தெரிந்தது. நடுத்தரமானது, உள்ளே ஒரு டெம்போ குறுக்கே நின்றது. நான் வெளியே ஓரமாக நிறுத்தி, உள்ளே போகப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அருள் இறங்கிப் போனார். பங்க்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து அளந்தார். டெம்போ டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டு வண்டியை நகர்த்த வைத்தார். பிறகு எல்லோரும் பார்க்க, நடு பங்க்கில் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

"வா, வா. இடது ஓரமா வா. ஒடிக்காத. நேரா."

போனேன். டீசல் போட்டேன். ரிவர்ஸே எடுக்காமல் மறுபக்கமாக வெளியே வந்தேன். பெல்ட் போட்ட பூசணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மாது கைதட்டினாள்.

நான் ஓரம் கட்டுவதற்குள் அருள் நடந்தபடியே போனில் பேச ஆரம்பித்திருந்தார். பெங்களூர்க்காரர்தான் என்று தெரிந்ததும் கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.

"இல்ல சார், விலைப் பிரச்சினை இல்ல" என்றார். "வண்டி எங்களுக்கே வேணும்."