மனேஜர் வைத்த கையெழுத்து

கச்சிமுகம்மது முதலாளி தன் ஆயுளில் ஒரேயொரு முறைதான் கடன்பட்டார். பாண்டிருப்பு மிருக வைத்தியர் சிவரூபினிக்கு முன்னூற்றைம்பது ரூபாய். அதுவும் ஒரு பூனைக்காக.

கல்முனை பஸாரில் சறக்கடை, அதாவது லுங்கிக்கடை, வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தோளில் இருபது சறத்தைப் போட்டுக்கொண்டு மாவடிப்பள்ளி வரம்புகளில் நடந்து விற்று, பிறகு சைக்கிள், பிறகு சொந்தக் கடை என்று எழும்பியவர் எத்தனை பேர்? படித்தவன் எவனும் இதைச் செய்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு துணியை விரலால் தேய்த்து, இது மருதமுனையில் யாருடைய தறியில் நெய்தது என்று சொல்லுவார். சொல்லிவிட்டு, சரிதானே என்று அவரே கேட்டு, சரிதான் என்று அவரே தலையாட்டுவார். "ஒத்தச் சதம் ஒருத்தனுக்கு நான் குடுக்க இருந்ததில்ல" என்பது அவர் வாயில் நாளைக்கு மூன்று தரமாவது வரும்.

தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. திரும்பக் கூரை போட்டுத் திறந்த அன்று, மூலையில் கிடந்த கரிமரங்களுக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறக் குட்டி வெளியே வந்து, காசு மேசையில் ஏறி உட்கார்ந்தது. அன்றைக்கு வந்த முதல் ஆள் அதுதான். அதனால் அதற்கு மனேஜர் என்று பெயர். மனேஜர் இருக்கும்வரை எலி ஒன்று சறத்தில் பல் வைத்ததாகச் சரித்திரம் இல்லை.

தொண்ணூற்றாறின் கடைசியில், நோன்பு பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது, அந்த மனேஜர் கெட்டுப்போனார். அலுமாரிக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை விறைப்பாகத் தூக்கி, அடுக்கி வைத்த சறங்களின் மேல் பீச்சினார். இன்றைக்கு இந்தத் தட்டு, நாளைக்கு அந்தத் தட்டு.

முதலாளி முழக்கோலால் இரண்டு போட்டார். அடுத்த நாள் இரண்டு தட்டு நனைந்தது. பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து தெளித்தார். மனேஜர் அதன் மேலேயும் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் சறம் வாங்கிய மனிதர் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு திரும்பி வந்தார்.

"முதலாளி, புதுச் சறம் உடுத்துப் பள்ளிக்குப் போன. எனக்கு ரெண்டு பக்கமும் ஒருத்தரும் நிக்கல்ல."

காசைத் திருப்பிக் கொடுத்த கதை முதலாளிக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி றுகையா வாசலிலேயே பிடித்தாள்.

"இஞ்சப் பாருங்க. பூனை மூத்திர நஜீஸ் பட்ட சறத்தைத் தொழப்போறவனுக்கு வித்தா ஆருக்குப் பாவம்? பெருநாள் சரக்கு இறங்கக்குள்ள இந்தப் பூனை கடையில இரிக்கப்படாது. சாக்கில போட்டு மாவடிப்பள்ளிப் பாலத்துக்கு அங்கால விட்டுட்டு வாங்க."

"அவன் கடை திறந்த நாள்ல இருந்து இரிக்கான் புள்ள."

"நான் அதுக்கு முதல்ல இருந்து இரிக்கன்."

முதலாளி சாக்கை எடுத்தார். எடுத்த சாக்கைத் திரும்ப மடித்து வைத்தார். பேச்சுக்குக்கூட இன்னொரு பூனையை அவரால் நினைக்க முடியவில்லை. கடைசியில், மாடுகளுக்கு ஊசி போடும் டொக்டர் ஒருவர் பாண்டிருப்பில் பின்னேரம் வீட்டிலும் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, மனேஜரை மீன்கூடைக்குள் இருத்தி, மேலே ஒரு சறத்தால் கட்டிச் சைக்கிளில் வைத்தார். சந்தியில் ஆமிக்காரன் கூடையைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினான். செக்பொயின்டில் அவ்வளவு கெதியாக விட்டது அந்த வருடத்தில் அதுதான்.

டொக்டர் சிவரூபினிக்கு முப்பது வயது இருக்கும். முதலாளியின் கடைசி மகளை விடச் சின்னவர். கூடையை அவிழ்த்து மனேஜரை மேசையில் விட்டு, அடிவயிற்றை விரல்களால் மெதுவாக அமத்தித் தடவினார். பூனையைக் கொஞ்சுகிறார் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

"மகள், ஒரு ஊசி போட்டா நிக்கும்தானே?"

"பொறுங்க முதலாளி. மூத்திரம் இருந்து போறாரா, நிண்டு போறாரா?"

"நிண்டு. வாலைத் தூக்கி."

"எப்ப தொடங்கின?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசத்துக்கு முதல் கடைக்குள்ள புதுசா என்ன வந்த?"

இப்படியே அரை மணித்தியாலம். பூனையை விட்டுவிட்டு மனிதனை விசாரிக்கிறாரே என்று முதலாளிக்குச் சினம். புதிதாக ஒன்றும் வரவில்லை என்றார். டொக்டர் மூக்கைச் சுளித்து, கொஞ்சம் முன்னே குனிந்தார்.

"உங்கட உடுப்பில இது என்ன வாசம்?"

முதலாளியின் நெஞ்சு நிமிர்ந்தது. "அதுவா? புனுகு! அசல். கொழும்பில என்ன விலை தெரியுமா? பெருநாளைக்குச் சறத்தை விரிச்சா வாசம் அடிக்கவேணும் எண்டு ஒவ்வொரு மடிப்பிலயும் ஒரு பொட்டு வைக்கிற. இந்தப் பஸாரில ஒருத்தனுக்கும் வராத யோசனை. மனேஜர் நாறடிச்ச இடத்தில ரெண்டு பொட்டு."

டொக்டர் கதிரையில் சாய்ந்தார். "புனுகு எதிலயிருந்து எடுக்கிற, முதலாளி?"

"புனுகுப் பூ..." என்று தொடங்கியவர் அதோடு நின்றுவிட்டார்.

"ஓம். புனுகுப் பூனையும் தன்ர இடத்துக்கு அடையாளம் வைக்கிற சாமான்தான் அது. மனேஜரின்ர மூக்குக்கு, ஆரோ ஒரு கடுவன் பூனை ராவோட ராவாக் கடைக்குள்ள பூந்து, சறம் சறமாக் கையெழுத்து வைச்சிட்டுப் போயிருக்கு. தன்ர கடையெண்டு காட்ட இவரும் பதிலுக்கு வைக்கிறார். நீங்க ரெண்டு பொட்டு வைக்கிறீங்க, அவர் மூண்டு வைக்கிறார்."

மேசையிலிருந்த மனேஜர் முதலாளியைப் பார்த்த பார்வை அவ்வளவு நல்ல பார்வை இல்லை.

டொக்டர் வழி சொன்னார். புனுகைக் கடையை விட்டு அகற்ற வேண்டும். அலுமாரியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். பீச்சின இடத்திலேயே சாப்பாட்டுக் கோப்பையை வைக்க வேண்டும். முழக்கோல் துணி அளக்க மட்டும். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு சின்ன ஒப்பரேசன் செய்து கடுவன் குணத்தை அடக்கலாம்.

"அல்லாஹ்! மனேஜருக்கா?" முதலாளி தன் மடியைப் பொத்திக்கொண்டார். "எல்லாம் சரி. ஊசி?"

"தேவையில்ல."

"குளிசை?"

"அதுவும் தேவையில்ல. முன்னூற்றைம்பது ரூபா."

"கதைச்சதுக்கா?"

"தெரிஞ்சதுக்கு."

"மகள், நான் சரக்கைப் பார்த்துட்டுத்தான் காசு குடுக்கிற ஆள். பூனை சுகமாகட்டும்."

டொக்டர் சிரித்தார். "சரி. அதுவரைக்கும் கடனா இருக்கட்டும்."

கடன் என்ற சொல் சைக்கிளில் பின்னாலேயே வந்தது.

பதின்மூன்றாம் நாள் மனேஜர் அடியோடு நிறுத்தினார். பெருநாள் சரக்கு இறங்கியது. மனேஜர் அதன் மேலேயே உறங்கினார். றுகையா பாலத்துப் பேச்சை நிறுத்திவிட்டாள். முதலாளி பஸார் முழுக்க, புனுகின் சூட்சுமத்தைத் தான் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லித் திரிந்தார். பாண்டிருப்புப் பக்கம் மட்டும் போகவில்லை. தன்னில் பாதி வயதுப் பெண் அரை மணித்தியாலத்தில் கண்டதற்குக் காசு கொடுத்தால், கண்டது டொக்டர் என்று ஆகிவிடும் அல்லவா?

"கடன்காரர், நோன்பு துறக்க வாங்க" என்று றுகையா தினமும் கஞ்சியை வைத்தாள்.

இருபத்தைந்தாம் நோன்பளவில் நெல்லுக்கடை அப்துல் ஸமட் வந்தார். அவருடைய கடுவன் மூட்டைகளுக்கு மேல் சொட்டுச் சொட்டாகப் போகிறதாம்.

"இதுக்கு டொக்டர் எதுக்கு? இரு, நான் சொல்றன்" என்று முதலாளி கதிரையை இழுத்துப் போட்டார். "அடிக்காத. கழுவு. அந்த இடத்திலயே சோத்தை வை. காசு வேணாம்."

மூன்றாம் நாள் ஸமட் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"காக்கா, மூத்தவரெண்டு உங்கட கதையைக் கேட்டு என்ட பூனை செத்து மையத்தாகப் பார்த்திச்சு! மூத்திரம் அடைச்சுக் கல்லு. நேத்து பாண்டிருப்பு டொக்டர் குழாய் போட்டு எடுத்த. 'முதல்ல அடிவயித்த அமத்திப் பார்க்கவேணும், அதுக்குப் பிறகுதான் குணத்தைப் பற்றிக் கதைக்கிற' எண்டு சொன்னா. நீங்க என்ட பூனையைக் கண்ணாலயும் பார்க்கல்லியே!"

மனேஜரின் வயிற்றில் ஓடிய அந்த விரல்கள்தான் முதலாளியின் கண்ணுக்குள் நின்றன. கொஞ்சல் என்று அவர் நினைத்தது கொஞ்சல் இல்லை. விரலால் தேய்த்துத் தறியைச் சொல்லும் மனிதனுக்கு, விரலால் பார்ப்பது என்னவென்று விளங்காமல் போய்விட்டதே.

கடையை அரை மணித்தியாலம் மனேஜரின் பொறுப்பில் விட்டுவிட்டு, முதலாளி பாண்டிருப்புக்குச் சைக்கிளை மிதித்தார். டொக்டர் வாசலில் நின்று ஒரு கன்றுக்குட்டியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க முதலாளி. மனேஜர் என்ன சொல்றார்?"

"அவன் சுகம். டொக்டர், கையை நீட்டுங்க."

அவர் வாயில் மகள் என்பது டொக்டர் ஆகிவிட்டதைச் சிவரூபினி கவனித்தார்.

"ஊசியும் போடல்ல, குளிசையும் தரல்ல. கதைச்சதுக்கா காசு?" என்று டொக்டர் முதலாளியின் பேச்சையே திருப்பிக் கேட்டார்.

"வயித்த அமத்தினதுக்கு."

டொக்டர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவி, துடைத்து, விரித்து நீட்டினார். முதலாளி மடியிலிருந்து எடுத்து, விரல் படாமல் கொஞ்சம் உயரத்திலிருந்தே, தெருவுக்கும் கேட்கும்படி ஒவ்வொன்றாக வைத்தார்.

"நூறு. இருநூறு. முன்னூறு." கடைசித் தாளை ஒருமுறை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அம்பது."