வேர்க்காத உடம்பும் நாலு டிகிரிப் பாலும்

பால் குளிரூட்டும் நிலையத்து வேலையில், பால் கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். அரியலூர் ரோட்டிலிருந்து லோடு ஆட்டோ திரும்பும்போதே கேன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது கேட்கும். நிறைந்த கேனுக்கு அமுங்கின சத்தம், குறைந்த கேனுக்குச் சலம்பல். ஆட்டோவின் வெளிச்சம் அப்புறம்தான் வளைவில் தெரியும்.

ராத்திரி வேலை பார்க்கிற என் சக பாவிகளே, உங்களில் பலர் வேறு வேலை கிடைக்காமல் இரவுக்கு வந்திருப்பீர்கள். நான் பகலுக்குப் பயந்து வந்தவன். எனக்கு வேர்க்காது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி கிடையாது. தலையில் பூனைமுடி, வாயில் கூர்கூராகச் சில பற்கள், அவ்வளவுதான். பெரம்பலூர் வெயிலில் இந்த உடம்பு விசில் அடைத்துப்போன குக்கர். ஆகவே சாயங்காலம் வந்து காலையில் வீடு திரும்புகிற, பாலை நாலு டிகிரிக்கு இறக்கி வைக்கிற இந்தக் குளிர்ந்த வேலை. இதோடு போயிருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் மகள் சுகன்யாவின் கல்யாணம் இதில் வந்து மாட்டிக்கொண்டது.

நனைந்த சட்டை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த சூப்பர்வைசருக்கு ஒரு கணக்கு உண்டு. யார் சட்டை நனைந்திருக்கிறதோ அவன்தான் உழைத்தவன். நானும் மற்றவர்களோடு சேர்ந்துதான் கேன் இறக்குவேன். அவர்கள் முதுகெல்லாம் ஈரம். என் சட்டை மட்டும் இஸ்திரி போட்டது போலவே இருக்கும். "கல்யாண வூட்டுக்கா வந்திருக்க?" என்பார். உடம்பு உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், மூச்சு வாங்கும். அதெல்லாம் வெளியே தெரியாதே.

ஒருநாள் தாங்க முடியாமல், கேன் கழுவுகிற ஹோஸைத் தலையிலிருந்து கால்வரை பிடித்துக்கொண்டேன். சூடு இறங்கியது. சொட்டச் சொட்ட நின்றபோது சூப்பர்வைசர் வந்தார். மேலும் கீழும் பார்த்தார். முதல் தடவையாகத் தோளில் தட்டினார். மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பாருங்கடா, இவன் இன்னைக்குத்தான் வேலை செஞ்சிருக்கான்!"

பாயின் வருத்தம்

டேங்கர் ஓட்டுகிற பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். டேங்கர் நிரம்புகிற வரைக்கும் என்னோடு உட்கார்ந்து பேசுவார். அந்த ஊர் வெயிலில் சட்டையைக் கழற்றிப் பிழிந்தால் உப்புத் தண்ணி கொட்டுமாம். வேர்க்காதவன் ஒருத்தன் இருக்கிறான் என்றதும் முதலில் பொறாமைப்பட்டார்.

வேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். எனக்குப் பிறகு பிறந்த தம்பிக்கும் இதே உடம்பு. அக்னி நட்சத்திரத்தில் காய்ச்சல் கண்டது. கம்பளியைப் போர்த்தினால் வேர்த்துக் காய்ச்சல் விட்டுவிடும் என்று ஊரெல்லாம் சொன்னது, அம்மாவும் போர்த்தினாள். வேர்க்கிற பிள்ளைக்குச் சொன்ன வைத்தியம் அது. மறுநாள் தொட்டிலில் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து கோடை முழுக்க என்னை ஈரத்துணியில் சுற்றித்தான் வளர்த்தாள். பாய் எழுந்து போனார். டேங்கர் வால்வை மூடிவிட்டு வந்துதான் சொன்னார்:

"எங்களுக்கு வேர்வை நாறுதேன்னு கவலை. யா அல்லாஹ், அந்தக் கவலைகூட உங்களுக்குக் குடுத்து வைக்கலியே அண்ணே."

கப்ளிங்

இதற்கெல்லாம் காரணம் என்னவென்று எனக்குத் தெரியவந்தது திருச்சியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனபோதுதான். கருவில் குழந்தை உருவாகும்போது தோல் அங்கங்கே புள்ளியாகத் தடித்து உள்ளே இறங்குமாம். ஓரிடத்தில் இறங்கினது முடியாகும், ஓரிடத்தில் பல்லாகும், ஓரிடத்தில் வேர்வைச் சுரப்பியாகும். இங்கே இறங்கு என்று ஒரு சேதி வரும். அதைப் பிடித்துக்கொள்ள செல்லின்மேல் ஓர் ஏற்பி இருக்க வேண்டும். என்னிடம் அந்த ஏற்பி கோளாறு. அந்தச் சில வாரங்கள் தாண்டிவிட்டால் பிறகு கட்ட முடியாது.

அதிசயம் என்னவென்றால், கிருமி வந்தால் உடம்பின் காவல் செல்கள் சேதி வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவே, இது அந்தக் குடும்பத்து ஆள். போலீஸ்காரர் குடும்பத்தில் பிறந்து கொத்தனார் வேலைக்குப் போனவன் மாதிரி. வீட்டுக்கு வந்து போனில் தேடித் தேடிப் படித்தேன், பாதி புரியவில்லை. அதே குடும்பத்து இன்னொரு ஏற்பிதான் மடியில் பால் சுரப்பிகளை வளர்க்கிறதாம். அப்படிப் பார்த்தால் எனக்குச் சம்பளம் வருவதே அந்தக் குடும்பத்தின் தயவில்தான்.

சேதியே உண்டாகாத பிள்ளைகளுக்கு, கர்ப்பத்திலேயே அதை ஊசி வழியாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றும் படித்தேன். அடுத்த தடவை ஆசையோடு கேட்டேன். நான் பார்க்கிற வேலை டாக்டரம்மாவுக்குத் தெரியும். அதை வைத்தே பதில் சொன்னார்:

"அவங்களுக்குப் பால் இல்ல, ஊத்திப் பாக்குறாங்க. உங்களுக்குப் பால் இருக்கு, ஹோஸை மாட்டுற கப்ளிங்தான் இல்ல. அதுக்கு இன்னும் வழி வரலைங்க."

கேன் சோதனை

அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இந்த ஏற்பியில் ஆளுக்கொரு பழுது இருந்தும், ஒன்றே ஒன்று என்பதால் ரெண்டு பேருக்கும் வெளியே தெரியவில்லை. ரெண்டு பழுதும் சேர்ந்து வந்த பிள்ளைகள் நானும் தம்பியும். அக்கா தப்பித்தாள். எனக்கு உறவில் யாரும் பெண் தரவில்லை, "பல்லில்லாதவனுக்கா?" என்றார்கள். அதனால் உறவுக்கு வெளியில் பெண் எடுத்தார்கள். அந்த அவமானம்தான் சுகன்யாவைக் காப்பாற்றியது. அவளுக்கு நல்ல முடி, நல்ல பல், நன்றாக வேர்க்கும். ஆனால் என் பழுதில் ஒன்று அவளுக்குள் கட்டாயம் இருக்கும்.

செந்துறையிலிருந்து அக்கா தட்டோடு வந்தாள். அரியலூரில் மெக்கானிக்காக இருக்கிற அவள் மகன் பிரபுவுக்குச் சுகன்யாவைக் கேட்டு. சின்ன வயதிலிருந்தே ரெண்டு பேருக்கும் பேச்சு. பிரபு தங்கமான பிள்ளை. நான்தான் வாயைத் திறந்தேன். பழுது அக்காவிடமிருந்து அவனுக்கும் வந்திருக்கலாம், ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவோம், அவனுக்குப் பழுது இல்லையென்றால் நாளைக்கே நிச்சயம் என்றேன்.

"நீ வேர்க்காம வாழலியா?" என்றாள் அக்கா.

"தம்பி வாழலியேக்கா."

அக்கா முகம் செத்துப்போனது. அந்தத் தொட்டிலை ஆட்டியவளே அவள்தான். ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எங்கள் நிலையத்தில் சோதிக்காமல் ஒரு கேனையும் பெரிய டேங்கில் கவிழ்க்க மாட்டோம். ஒரு கேன் கெட்டிருந்தால் டேங்கே போச்சு. அதை அவளுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன். வாசல்படியில் நின்று அதையே என்மேல் திருப்பி எறிந்தாள்:

"எம்புள்ள என்ன பால் கேனாடா, நீ சோதிச்சு ஊத்துறதுக்கு?"

கேட்டுக்கு வெளியே

அதன்பிறகு அக்கா போன் எடுக்கவில்லை. கல்லங்குறிச்சி தேருக்கு வழக்கமாக எல்லோரும் சேர்ந்து போவோம்; இந்த வருஷம் கூட்டத்தில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டாள்.

போன வாரம் விடிந்து, காலைப் பால் எல்லாம் வந்து முடிந்த நேரம், பிரபு பைக்கில் வந்தான். சுகன்யாவும் கூட வந்திருந்தாள். அவள் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நாங்க ரெண்டு பேருமா திருச்சி போயி ரத்தம் குடுத்துட்டு வந்தோம் மாமா. நேத்து டாக்டரம்மா போன்ல சொல்லிட்டாங்க." கேன் மூடி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கும் இருக்கு."

நான் கேட்ட சோதனைதான், நான் பயந்த பதில்தான். கருவிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், இப்போது வழி இருக்கிறதே என்று தடுமாறினேன்.

"கேட்டோம் மாமா. பாத்துட்டு, இருந்துச்சுன்னா என்ன பண்றதுன்னு சுகன்யா கேட்டா. 'எங்கப்பா மாதிரி ஒரு புள்ளைய வேணாம்னு என் வாயால சொல்ல மாட்டேன். பெத்து வெயிலுக்குக் குடுக்கவும் மாட்டேன்'னா. அதோட கல்யாணப் பேச்சை விட்டுட்டோம்."

கேட்டுப் பக்கம் பார்த்தேன். அவள் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலை வெயிலுக்கே அவளுக்கு வேர்த்திருந்தது. நான் வந்து அக்காவிடம் சொல்லட்டுமா என்று பிரபுவிடம் கேட்டேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான்:

"வேணாம் மாமா. தனக்குள்ள இருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா அம்மா தாங்காது. நீங்க மாட்டேன்னு சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும்."

பைக் சத்தம் அரியலூர் ரோட்டில் தேய்ந்தது. பாலைக் கெடாமல் வைத்திருக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, அக்காவின் கோபத்தையும் கெடாமல் வைத்திருக்கிற வேலை இனிமேல் சம்பளம் இல்லாமல் சேர்ந்துகொண்டது. காலிக் கேன்கள் வரிசையாக நின்றன. ஹோஸை இழுத்து முதல் கேனுக்குள் விட்டேன்.