வால் எலும்பும் வைட்டமின் டீயும்

வாசலில் வரும்போதே "உட்காருங்க" என்று சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் எங்கள் தொழிலில்தான் அதிகம். புத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் பிசியோதெரபிஸ்ட். நாற்காலியே கதி என்று பிழைக்கும் சக நோயாளிகளே, உங்களுக்குச் சொல்லாமலே புரியும். இதை எழுதும்போது நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வால் யாருக்கு?

செங்கல்வராயன், கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூர் போகும் பஸ்ஸின் டிரைவர். சீட்டில் உட்கார்ந்தாலே பின்னால் நெருப்பு வைத்தமாதிரி எரிகிறது என்று மனைவி கன்னியம்மாவோடு வந்தார். இப்படியே லீவு போட்டுக்கொண்டிருந்தால் வண்டியிலிருந்து இறக்கி டிப்போ கேட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். ஸ்டீயரிங் இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே அவரால் முடியவில்லை.

"எங்கயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். தொட்டுப் பார்த்துவிட்டு, "வால் எலும்புலதான் வலி" என்றேன். மனுஷருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மேடம், எனக்கு வாலா?" என்றார். எல்லோருக்கும் அந்த எலும்பு உண்டு என்று நான் சமாதானம் சொல்வதற்குள் கன்னியம்மா முந்திக்கொண்டார்.

"கண்ணாலம் ஆன நாளா எனக்குத் தெரியும் மேடம், இதுக்குப் போயி டாக்டரு எதுக்கு?"

டீ கம்மி

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. டி குறைந்தால் எலும்பு வலுவிழக்கும், இடுப்பும் காலும் குடையும், வால் எலும்பில் ஏற்கெனவே வலி இருந்தால் அதையும் கூட்டலாம் என்றார் டாக்டர். ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ரிப்போர்ட் வந்த அன்று எங்கள் வரவேற்பில் இருக்கும் லாவண்யா, "டி சால தக்குவ உந்தி, ஒச்சி மாத்திர தீஸ்கோண்டி" என்று போனில் தெலுங்கில் சொல்லிவிட்டாள். டி ரொம்பக் கம்மி, வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பஸ் இரைச்சலில் மாத்திரை காற்றோடு போய்விட்டது, டி மட்டும் அவர் காதில் விழுந்தது.

அடுத்த வாரம் கண் சிவக்க வந்து நின்றார்.

"டீ கம்மின்னு சொன்னீங்கோ, நானும் ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் ஏத்திக்கினுதான் கீறேன், தூக்கம் போச்சே தவிர வலி போவல."

கண்ணாடிக்குள் வெயில்

அது குடிக்கிற டீ இல்லை, வெயிலில் கிடைக்கிற டி என்று விளக்கினேன். உடனே சண்டைக்கு வந்தார். "நாள் பூரா வெயில்லதான் வேவுறேன், எனக்கா கம்மி?" நியாயமான கேள்விதான். பஸ் கண்ணாடி சூட்டை உள்ளே விடும், டி உண்டாக்குகிற கதிரை விடாது. தோலில் நேராகப் படவேண்டும் என்றேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை வாரத்துக்கு ஒன்றுதான் சாப்பிட வேண்டும் என்று கன்னியம்மாவிடம் தனியாகச் சொன்னேன். செங்கல்வராயனிடம் சொல்லிப் பயனில்லை என்று அதற்குள் தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை வந்தபோது வலது கை மட்டும் கருகிப்போயிருந்தது. ஓட்டும்போது ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டி வெயில் பிடித்திருக்கிறார்.

"கைக்கு வந்த டி வாலுக்குப் போவ வழி தெரியாம எங்கயோ நின்னுக்கினு கீது மேடம்."

கூடிய டி, குறையாத வலி

சில மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது டி நன்றாக ஏறியிருந்தது. இடுப்பும் காலும் லேசாகிவிட்டன. வால் எலும்பு மட்டும் அசையவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கேட் டியூட்டி என்று டிப்போவில் சொல்லிவிட்டார்களாம். எனக்கே கஷ்டமாக இருந்தது. கன்னியம்மா மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரம். "உண்மையைச் சொல்லுங்க, விழுந்தீங்களா?" என்றேன்.

விழுந்திருக்கிறார், அதுவும் திருமலையில். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் இவர் அங்கப்பிரதட்சணம் செய்வார் என்று கன்னியம்மா இவர் பேரில் வேண்டிக்கொண்டிருந்தார். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இவரும் குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு உருண்டார். பாதியில் தலை சுற்றியது. எழுந்தார், வழுக்கியது, கல்தரையில் பொத்தென்று உட்கார்ந்தார். முடித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

"சாமி எடத்துல வுழுந்தேன்னா சாமி மேல பழி சொன்ன மாதிரி ஆவும். பாதியில எழுந்தேன்னு தெரிஞ்சா பேத்தி தும்மினாக்கூட இவ பயந்து செத்துடுவா, மேடம்" என்றார்.

கதவருகே கன்னியம்மா மருந்துப் பையோடு நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது முகத்திலேயே தெரிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார்.

"வேண்டிக்கினது நானு; மீதிய நானே உருண்டுக்குறேன், நீ வைத்தியம் பாத்துக்கினு பஸ்ஸ ஓட்டு."

எக்ஸ்ரேயில் எலும்பு வளைந்திருப்பது தெரிந்து, டாக்டர் வைத்தியத்தை மாற்றி, வால் எலும்பு அழுந்தாதபடி பின்பக்கம் வெட்டிவிட்ட மெத்தையோடு செங்கல்வராயன் மறுபடி சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். ரத்தத்தில் டி எவ்வளவு என்று சொல்ல மெஷின் இருக்கிறது, மனுஷன் எங்கே விழுந்தான் என்று சொல்ல அவன் வாயை விட்டால் வேறு மெஷின் இல்லை.