நயீம் போட்ட பேர்

நெஞ்சில் விழுந்த அடி காலப்போக்கில் ஆறிவிடும் என்கிறார்கள். நயீமுக்கு ஆறவே இல்லை.

சேலம் சூரமங்கலத்தில் அவனுக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. அதற்கு மேலே, பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்த சின்ன அறைதான் அவன் ஸ்டுடியோ. ஹிப் ஹாப் பாட்டுகளுக்கு அங்கேதான் இசை அமைத்தான். ஜங்ஷனில் ரயில் ஹாரன் அடித்தால் பாடுகிறவர் நிறுத்திவிட்டு, அது அடங்கிய பிறகு மறுபடி பாட வேண்டும்.

கல்லூரி நாட்களில் அவனுடைய உயிர் நண்பன் ஜெகதீஸ்வரன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்த திருச்செங்கோட்டு முதலாளி அப்புசாமியின் மகன். பனமரத்துப்பட்டியில் அவர்கள் வண்டி போர் போட்டபோது, பாறையை உடைக்கும் சத்தத்தைப் பதிவு செய்து, சோறு தண்ணி மறந்து அதை ஒரு தாளமாக்கினான் நயீம். ஜெகதீஸ் அதில் ராப் பாடினான். பஸ்ஸுக்குப் பஸ் அந்தப் பாட்டு ஒலித்தது. ஆனால் வெளியானபோது இசை, வரி, குரல் எல்லாம் ஜெகதீஸ் என்றே இருந்தது.

நியாயம் கேட்கப் போனான் நயீம்.

"எங்க வண்டி, எங்க சத்தம். நீ என்னத்தடா பண்ணுனே, பட்டனத் தட்டுனே! செல்போன் கடைக்காரனுக்குப் பேரு ஒண்ணுதான் கொறைச்சலாக்கும்?"

சுற்றியிருந்த நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நயீம் ஒருநாளும் மறக்கவில்லை.

வருடங்கள் ஓடின. நயீம் தன் முதல் ஆல்பத்தைத் தொடங்கினான். பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு ராப்பர்கள் விருந்தினராக வந்து பாடினார்கள். அந்தப் பாறைப் பாட்டுக்குப் பின் ஒன்றும் எடுபடாமல் போயிருந்த ஜெகதீஸும் ஒருநாள் படியேறி வந்தான்.

"மாப்ள, பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீடா. என்னையும் ஒரு பாட்டுல பாட உடு."

"உனக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன், வா" என்று சிரித்தான் நயீம். உள்ளே நெருப்பு எரிந்தது.

விருந்தினர்கள் தனித்தனியாக வந்து தங்கள் பகுதியைப் பாடிவிட்டுப் போவார்கள். மற்றவர் பாடியது பாட்டு முடிந்த பிறகுதான் காதில் விழும். அதே பாட்டில் இன்னும் யார் பாடுகிறார்கள் என்று ஜெகதீஸ் கேட்டிருக்கலாம். கர்வம் கேட்கவிடவில்லை.

வெளியீட்டு விழா திருச்செங்கோட்டில் நடந்தது. ஜெகதீஸ் தன் அப்பாவையும் ரிக் முதலாளிகளையும் முன் வரிசையில் உட்கார வைத்தான். அவன் குரல் முழங்கியது:

"பாறையக் கேளு, என் பேரச் சொல்லும்!
பள்ளத்தத் தோண்டு, என் பாட்டு துள்ளும்!"

அப்புசாமி மீசையை முறுக்கிக்கொண்டார். அடுத்த நொடி அதே பழைய பாறைச் சத்தம் எழுந்தது. அதன் மேல் நயீமின் தங்கை ஷிரீனின் குரல்:

"பாறையக் கேட்டேன், பதில் வந்துருச்சு!
திருடுன தாளம்னு சொல்லிப்புடுச்சு!
தோண்டுன பள்ளத்துல தண்ணியக் காணோம்,
அண்ணன் பேர மறைச்சவன மண்ணு மூடணும்!"

அரங்கம் அதிர்ந்தது. ரிக் முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏன்டா ஜெகா, அந்தப் பாட்டு உன்றது இல்லியா?" என்றார் அப்புசாமி. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

ஜெகதீஸ் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"மாப்ள, கால்ல உழுகறேன். ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுடா. எங்கொரல எடுத்துரு. அதுவும் முடியாட்டி பேரையாவது எடுத்துருடா!"

நயீம் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினான். திரையில், இணையத்தில் ஏற்றத் தயாராக இருந்த பாட்டின் கீழே, விருந்தினர் என்ற இடத்தில், 'ஜெகதீஸ்வரன், திருச்செங்கோடு' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"பாடுனவன் பேரப் போடாம வுடறதுக்கு நான் என்ன நீயாடா?"

ஜெகதீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளியிடும் பட்டனை அழுத்தினான்.